பிளஸ் டூ முதல் செட்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் நாங்கள் படித்த பள்ளியின் வேப்பமரத்தடியில், பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை கூடுவது வழக்கம். கூடியதும் முதலில் நடப்பது ஒரு சண்டை. பத்தாம் வகுப்போடு நின்றுபோனவர்களைக் கூப்பிடுவதா, வேண்டாமா என்பதுதான் வழக்கு. “நாம் பிளஸ் டூ முதல் செட். பிளஸ் டூ எழுதாதவன் எப்படி இந்த செட் ஆவான்?” என்பது ஒரு கட்சி. “ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன் வேறு எந்த செட்டில் சேருவான்?” என்பது எதிர்க்கட்சி. பல ஆண்டுகளாகத் தீர்ப்பு வரவில்லை. இதற்கிடையில் இரண்டு கட்சியிலும் ஆட்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது கிழவர்களின் வீண் பிடிவாதமாகத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ‘முதல் செட்’ என்ற அந்த இரண்டு சொற்களுக்குள் எங்கள் தலைமுறையின் கதையில் பாதி அடங்கியிருக்கிறது.

எங்களுக்கு ஓராண்டு மூத்தவர்கள் பதினோராம் வகுப்பில் எஸ்.எஸ்.எல்.சி. எழுதிவிட்டு, கல்லூரிக்குப் போய் ஓராண்டு பி.யூ.சி. என்ற புகுமுக வகுப்பு படித்தார்கள். 1978இல் அந்த ஏற்பாடு மாறியது. பத்தாம் வகுப்பில் ஒரு பொதுத்தேர்வு, பிறகு பள்ளியிலேயே இரண்டு ஆண்டு மேல்நிலைக் கல்வி. ஒரே கோடை விடுமுறையில் உயர்நிலைப் பள்ளிகள் பல மேல்நிலைப் பள்ளிகள் ஆயின. எங்கள் பள்ளியில் பெயர்ப்பலகை முதலில் மாறியது. சோதனைக்கூடத்துக்குக் குழாய் வந்தது அதற்கு வெகுநாள் கழித்து. கல்லூரியில் நடத்தப்பட்ட பாடத்தை எங்கள் ஆசிரியர்கள் இரவில் தாங்கள் படித்துவிட்டுக் காலையில் எங்களுக்கு நடத்தினார்கள். அதை அவர்கள் மறைக்கவும் இல்லை. 1980இல் நாங்கள் தேர்வு எழுதப் போனபோது கையில் பழைய வினாத்தாள் என்று ஒன்று இல்லை. கேள்வி எப்படி வரும் என்று கேட்க, முன்னே போனவன் என்று ஒருவனும் இல்லை.

இன்று எங்கள் வகுப்பைப் பார்க்கும்போது எனக்கு அந்த வினாத்தாள் விஷயம்தான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது. பின்னால் வந்த ஒவ்வொன்றிலும் எங்களுக்கு அதே நிலைமைதான். முதுமையிலும் அதே.

பள்ளிப் பதிவேட்டைப் புரட்டினால் இந்த ‘முதல்’ இன்னும் பின்னுக்குப் போகிறது. நாங்கள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தது 1968 ஜூனில். அந்த ஆண்டு ஜனவரி 23ஆம் தேதிதான் இருமொழிக் கொள்கைத் தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேறியிருந்தது. ஆகவே, கரும்பலகையில் ஓர் இந்தி எழுத்தைக்கூடப் பார்க்காமல் பள்ளியை முடித்த முதல் வகுப்புகளில் எங்களுடையதும் ஒன்று. சேர்ந்தபோது மாநிலத்தின் பெயர் சென்னை. 1969 பொங்கலன்று அது தமிழ்நாடு ஆனது. சான்றிதழில் மாவட்டம் தென்னாற்காடு; 1993 செப்டம்பரில் அது கடலூர் என்றும் விழுப்புரம் என்றும் பிரிந்தது. பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கப் போன இடத்தில், “தென்னாற்காடு எந்த மாநிலத்தில் இருக்கிறது?” என்று ஓர் இளைஞர் என்னைக் கேட்டிருக்கிறார். கோபம் வரவில்லை. அவர் பிறக்கும் முன்பே போய்விட்ட மாவட்டம்.

வருகைப் பதிவேடுதான் எனக்கு மிகவும் பிடித்த ஆவணம். சில ஆண்டுகளுக்கு முன் பள்ளி அலுவலகத்தில் எங்கள் வகுப்புப் பதிவேட்டைத் தேடி எடுத்துக் கொடுத்தார்கள். கரையான் ஓரத்தை மட்டும் தின்றிருந்தது. தகப்பனார் பெயர் என்ற பத்தியில் கோவிந்தசாமி, ஏழுமலை, நடேசன், அந்தோணிசாமி, காதர் மொய்தீன். மாணவர் பெயர் என்ற பத்தியில் அன்பழகன், இளங்கோவன், மதியழகன், தமிழ்ச்செல்வன், கலைச்செல்வன். நடுவில் மூன்று ரவி, இரண்டு சேகர். குலதெய்வத்தின் பெயரையும் தாத்தாவின் பெயரையும் விட்டு அந்த அப்பாக்களின் கை எங்கே போனது என்பது பத்தி பத்தியாகத் தெரிகிறது. 1957இல் முதன்முதலாகத் தேர்தலில் நின்ற திராவிட முன்னேற்றக் கழகம் பத்தே ஆண்டில் ஆட்சியைப் பிடித்தது. அந்த இடைவெளியில் பிறந்த பிள்ளைகள் நாங்கள். கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த அப்பாக்கள், மேடையில் கேட்ட தமிழைப் பிள்ளைக்குப் பெயராக வைத்தார்கள்.

அந்தப் பெயர்களோடு சாதிப் பட்டம் ஒட்டியிருக்கவில்லை. முன்னால் ஓர் எழுத்து, அவ்வளவுதான். கே. ரவி, எஸ். ரவி, டி.எம். ரவி. இதை எங்கள் வகுப்பில் சிலர் பெருமையாகச் சொல்வார்கள். பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் பெயரில் இல்லாத சாதி கல்வி உதவித்தொகைப் பட்டியலில் இருந்தது, அந்தப் பட்டியலை வகுப்பில் உரக்கப் படித்தார்கள், யார் வீட்டில் யார் தண்ணீர் குடிக்கலாம் என்பது பதினொரு வயதில் எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. முதலெழுத்து எல்லாவற்றையும் மூடிவிட்டது என்று சொல்வது பொய்.

பிறகு நாங்கள் எங்கள் பிள்ளைகளுக்கு வைத்த பெயர்களைப் பாருங்கள்: தினேஷ், பிரவீன், ஹரிஷ், ஐஸ்வர்யா. பெரும்பாலும் பெயரில் ஒரு வடவெழுத்து. அன்பழகனின் பேரன் பெயர் எண் கணிதம் பார்த்து வைத்தது. அதைச் சரியாக உச்சரிக்க அன்பழகனுக்கு இரண்டு முயற்சி வேண்டியிருக்கிறது.

ஒரே காலத்தில் பிறந்ததால் மட்டும் சிலர் ஒரு தலைமுறை ஆகிவிடுவதில்லை என்று சமூகவியலாளர் கார்ல் மன்ஹைம் 1928இலேயே எழுதினார். இளமையில் ஒரே வரலாற்று அதிர்ச்சியில் மாட்டிக்கொண்டவர்கள்தான் தலைமுறை. அந்தத் தலைமுறைக்குள்ளும் அதே அதிர்ச்சியை வெவ்வேறு விதமாக வாங்கிக்கொண்ட பிரிவுகள் உண்டு என்பது அவர் வாதம். எங்கள் வகுப்பில் தேவனாம்பட்டினத்து மீனவர் பிள்ளையும், மஞ்சக்குப்பத்தில் அதிகாரிகள் குடியிருப்பிலிருந்து சைக்கிளில் வந்தவனும், முதுநகரில் மண்டிக்காரர் பிள்ளையும், கெடிலத்துக்கு அக்கரையிலிருந்து நடந்து வந்தவனும் இருந்தார்கள். எல்லோரும் முதல் செட்தான். ஆனால் முதல் செட் என்பதற்கு விலை கொடுத்தவர்கள் எல்லோரும் அல்ல. சோதனைக்கூடம் இல்லாத பள்ளியில் படித்தாலும் அதிகாரி வீட்டுப் பிள்ளைக்குத் தனிப்பயிற்சி வைத்தார்கள். மற்றவர்கள் தேறவில்லை; அல்லது அந்தக் கட்டத்துக்கே வரவில்லை. குழுப் படத்தில் மூன்று வரிசை இருக்கிறது. ஆறாம் வகுப்பில் எங்களோடு இருந்தவர்களையும் சேர்த்திருந்தால் ஐந்து வரிசை வந்திருக்கும்.

தேர்வுக்கு நாங்கள் படித்துக்கொண்டிருந்த அதே மாதங்களில் வெளியே வேறொரு கணக்கு நடந்துகொண்டிருந்தது. 1979இல் எம்.ஜி.ஆர். அரசு, ஆண்டு வருமானம் 9,000 ரூபாயைத் தாண்டிய பிற்படுத்தப்பட்ட குடும்பங்களுக்கு இட ஒதுக்கீடு இல்லை என்று ஆணையிட்டது. 1980 ஜனவரியில் மக்களவைத் தேர்தலில் தோற்றது. தோற்றதும் அந்த ஆணையைத் திரும்பப் பெற்று, பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டை 31 சதவீதத்திலிருந்து 50 சதவீதமாக உயர்த்தியது. எங்கள் வகுப்பில் கல்லூரிக்குப் போனவர்களில் பலருக்கு அந்தக் கதவு திறந்தது அப்படித்தான். ஆனால் தென்னாற்காட்டில் பெரும்பான்மையான வன்னியர் குடும்பங்கள் இந்த 50க்குள் தங்களுக்குக் கிடைத்தது குறைவு என்றே கருதின. 1987 செப்டம்பரில் ஒரு வாரம் நடந்த சாலை மறியலில் வட மாவட்டங்கள் நின்றுபோயின, உயிர்கள் போயின. 1989இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்குத் தனியாக 20 சதவீதம் பிரித்துக் கொடுக்கப்பட்டது. அப்போது எங்களுக்கு வயது இருபத்தாறு, இருபத்தேழு. தம்பிகளுக்குப் பயன்பட்டது.

படித்து முடித்தவர்கள் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டு, தட்டச்சில் லோயர் ஹையர் முடித்துக் காத்திருந்தார்கள். அழைப்பு வந்தவன் வாழ்ந்தான். வராதவன் நெய்வேலிக்கு ஒப்பந்தக் கூலியாகவோ, கடலூர் சிப்காட்டுக்கோ, வளைகுடாவுக்கோ போனான்.

நான் வாழ்ந்த கூட்டம். கருவூலத்தில் வேலை. ஓய்வூதியர் உயிரோடு இருக்கிறாரா என்று ஆண்டுக்கு ஒருமுறை பார்த்து உறுதி செய்வது எங்கள் பணிகளில் ஒன்று. நேர்காணல் என்று அதற்குப் பெயர். முப்பது ஆண்டு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து அடுத்தவர் உயிரைச் சரிபார்த்தவன், இப்போது மேசைக்கு முன்னால் நிற்கிறேன். அதனால் எங்கள் வகுப்பின் முதுமையைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒரே நம்பகமான வழியில், பணக் கணக்காகவே, சொல்லிவிடுகிறேன்.

1980களில் தமிழக அரசுப் பணியில் சேர்ந்தவனுக்கு முழுச் சேவைக்குக் கடைசிச் சம்பளத்தில் பாதி ஓய்வூதியம். அகவிலைப்படி ஏற ஏற அதுவும் ஏறும். அவன் போனால் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம். 2003 ஏப்ரல் 1ஆம் தேதியிலிருந்து சேர்ந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு நிறுத்தப்பட்டுப் பங்களிப்பு ஓய்வூதியம் வந்தது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நாங்கள் முதல் செட் அல்ல. கடைசி செட்டுகளில் ஒன்று. அதிர்ஷ்டம் இன்னொரு தடவையும் அடித்தது. எங்களில் பெரும்பாலோர் பிறந்தது 1962–63இல். 58 வயதில் ஓய்வு பெற வேண்டியது 2020–21இல். 2020 மே மாதம் ஓய்வு வயதை 59 ஆக்கினார்கள். 2021 பிப்ரவரியில் 60 ஆக்கினார்கள். வழியனுப்பு விழாவுக்குச் சால்வை வாங்கி வைத்தவர்கள் இரண்டு முறை பீரோவுக்குள் திருப்பி வைத்தார்கள். வேலைக்காகக் காத்திருந்த எங்கள் பிள்ளைகளின் செட்டுக்கு அந்த இரண்டு ஆண்டு என்ன செய்தது என்பதை எங்கள் கூட்டத்தில் யாரும் பேசுவதில்லை. நானும் பேசியதில்லை.

அடுத்த பெஞ்சுக்காரன் தனியார் ஆலையில் வேலை பார்த்தவன். அவனுக்கு 1995 நவம்பரில் வந்த தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம். அதன் குறைந்தபட்சத் தொகை 2014இல் மாதம் 1,000 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. அகவிலைப்படி கிடையாது. எங்களில் இருவர் புதுச்சேரிப் பக்கம் மில் வேலைக்குப் போனார்கள். 1898இல் தொடங்கிய ஆங்கிலோ-பிரெஞ்சு ஆலை ஊர் வாயில் ரோடியர் மில். அப்பா போன மில்லுக்குப் பிள்ளை போவது அங்கே இயல்பு. சங்கு ஊதினால் தெருவே எழுந்து நடக்கும். 2011 டிசம்பர் 30 அன்று வீசிய தானே புயலுக்குப் பிறகு அந்த ஆலை நிமிரவில்லை. 2020 ஏப்ரல் 30ஆம் தேதியோடு மூடப்பட்டது. கடைசி ஆண்டுகளில் அந்த இருவரும் வேலைக்குப் போகாமல் ஊழியர்களாக இருந்தார்கள். அது எப்படி இருந்தது என்று கேட்டால் “விடுமுறை மாதிரி, ஆனால் பள்ளி திறக்காது” என்று ஒருவன் சொன்னான்.

படகும் நிலமும் ஆட்டோவும் வைத்துப் பிழைத்தவனுக்கு இதுகூட இல்லை. நாங்கள் பிறந்த 1962இல்தான் இந்த மாநிலத்தில் முதியோர் ஓய்வூதியம் தொடங்கியது. அப்போது மாதம் 20 ரூபாய். 2023இலிருந்து 1,200 ரூபாய். அதை வாங்க ஆதரவற்றவன் என்று மெய்ப்பிக்க வேண்டும். பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவனுக்கு அந்தத் தாளில் கையெழுத்துப் போடுவது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் ஒருவனுக்கு அந்த விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தது நான்.

இவர்கள் எல்லோருக்கும் மேலே ஒருவன் இருக்கிறான். பாகூரிலிருந்து எங்கள் பள்ளிக்கு வந்தவன். பாகூர் புதுச்சேரி மண். 1954 நவம்பரில் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தாலும், சட்டப்படி பிரெஞ்சு உரிமை முடிந்தது 1962 ஆகஸ்ட் 16இல். அன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள், பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்பவர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். அவன் அப்பா எழுதிக் கொடுத்தார். பக்கத்து வீட்டுக்காரர் எழுதிக் கொடுக்கவில்லை. தொட்டிலில் கிடந்தவனுக்கு அதில் என்ன தெரியும்? அவன் பள்ளியை முடித்ததும் பிரெஞ்சு ராணுவத்துக்குப் போனான். இப்போது ஓய்வூதியம் யூரோவில் வருகிறது. எங்கள் கூட்டத்துக்கு மதியச் சாப்பாட்டுச் செலவு பெரும்பாலும் அவனுடையது. நாங்கள் நன்றியோடு சாப்பிட்டுவிட்டு, அவன் போனதும் அவனைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம்.

ஒரே பெஞ்ச், ஒரே வினாத்தாள், நாற்பத்தைந்து ஆண்டு கழித்து நாலு விதமான மாதக் கடைசி. வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கியவன் மேலே இல்லை, கடைசி பெஞ்சுக்காரன் கீழே இல்லை. யார் எந்த ஆண்டு எந்தக் கதவருகே நின்றான் என்பதே பெரும்பாலும் தீர்மானித்தது. இதை எங்கள் ஆசிரியர்கள் யாரும் சொல்லித் தரவில்லை. உழைப்பால் உயரலாம் என்றுதான் சொன்னார்கள். பாவம், அவர்களுக்கும் முன்னனுபவம் இல்லை.

இனி வீட்டுக்குள் போகலாம். எங்கள் அப்பாக்களுக்கு ஐந்தாறு பிள்ளைகள், எங்களுக்கு இரண்டு. குடும்பக் கட்டுப்பாட்டின் சிவப்பு முக்கோணத்தைச் சுவரில் பார்த்து வளர்ந்து, அதைக் கேள்வி கேட்காமல் நிறைவேற்றியவர்கள் நாங்கள்தான். சராசரியாக ஒரு பெண்ணுக்கு 2.1 குழந்தை என்ற அளவுக்குத் தமிழ்நாடு 1993 வாக்கில் வந்தது. எங்களில் பலருக்கு இரண்டாவது பிள்ளை பிறந்த காலம் அது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில் இந்த எண் தமிழ்நாட்டில் 1.8, புதுச்சேரியில் 1.5. இரண்டு பிள்ளையையும் நன்றாகப் படிக்க வைத்தோம். நன்றாகப் படித்த பிள்ளை ஊரில் இருக்காது என்ற எளிய கணக்கை மட்டும் போட்டுப் பார்க்கவில்லை.

மறுபக்கம் பெற்றோர். 1950களில் இந்தியரின் சராசரி ஆயுட்காலம் 41 ஆண்டு என்று சொன்னால் கூட்டத்தில் சிரிப்பார்கள், ஏனென்றால் பலருடைய அம்மா தொண்ணூறைத் தொட்டுக்கொண்டு வீட்டில் இருக்கிறார். 41 என்றால் எல்லோரும் நாற்பத்தொன்றில் செத்தார்கள் என்று பொருள் இல்லை. குழந்தையிலேயே போனவர்கள் அந்தச் சராசரியைக் கீழே இழுத்தார்கள். அதைத் தாண்டிப் பிழைத்தவர்கள் திடமானவர்கள். அந்தத் திடமான அம்மாவுக்கு அறுபத்து மூன்று வயது மகன் இன்சுலின் போடுகிறான். பிறகு தனக்கும் போட்டுக்கொள்கிறான். 2023இல் வெளியான நாடளாவிய நீரிழிவு ஆய்வில் புதுச்சேரியில் 26.3 சதவீதம் பேருக்குச் சர்க்கரை; கோவாவுக்கு அடுத்தபடி நாட்டிலேயே அதிகம். எங்கள் கூட்டத்தில் டீ கொடுப்பவர், “சர்க்கரை யாருக்கு?” என்று கேட்பதில்லை. “யாருக்காவது வேண்டுமா?” என்றுதான் கேட்கிறார்.

அம்மாவுக்குப் பிள்ளைகள் ஐந்து பேர். முறை வைத்துப் பார்க்க முடிந்தது. எங்களுக்கு யார் முறை? 2021இல் தமிழ்நாட்டு மக்களில் அறுபது வயதைத் தாண்டியவர்கள் 13.6 சதவீதம், 2031இல் 18.2 சதவீதம் ஆகும் என்பது அரசின் மதிப்பீடு. அந்தப் பத்தாண்டின் உயர்வில் எங்கள் செட்டும் இருக்கிறது. பெற்றோரைப் பராமரிக்காத பிள்ளைமீது கோட்டாட்சியரிடம் முறையிட 2007ஆம் ஆண்டுச் சட்டம் வழி வைத்திருக்கிறது. கைவிட்ட பிள்ளைக்கு அது பொருந்தும். எங்கள் பிள்ளைகள் கைவிடவில்லை. பணம் அனுப்புகிறார்கள், இரவு ஒன்பது மணிக்கு வீடியோவில் முகம் காட்டுகிறார்கள், மருந்தைக்கூட அங்கிருந்தே வரவழைத்துக் கொடுக்கிறார்கள். பாத்ரூமில் வழுக்கி விழுந்தால் தூக்கிவிட மட்டும் ஆள் இல்லை.

இதில் பெண்களின் பங்கை எழுதும்போது ஆண்கள் பள்ளியில் படித்த எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருக்கிறது. மேலே ‘மகன் இன்சுலின் போடுகிறான்’ என்று எழுதினேன்; பெரும்பாலான வீடுகளில் போடுவது மருமகள். அவர்களும் பள்ளியில் படித்தவர்கள்தான். ஆனால் என் மனைவியின் வகுப்பு இதுவரை ஒருமுறைகூடக் கூடியதில்லை. காரணம் விசித்திரமானது அல்ல. திருமணமானதும் பெண்ணுக்கு முதலெழுத்து மாறுகிறது, ஊர் மாறுகிறது. பதிவேட்டில் உள்ள பெயரை வைத்துத் தேடினால் அந்தப் பெயரில் இப்போது யாரும் இல்லை. ஒரு ரவியைத் தேட முதுநகர் தேரடியில் நின்று கேட்டால் போதும். ஒரு விஜயலட்சுமியை எங்கே போய்த் தேடுவது? வகுப்புத் தோழமை என்று நாங்கள் கொண்டாடுவது பாதிக்குப் பாதி, ஆண் பிள்ளை பிறந்த ஊரிலேயே இருந்துவிடலாம் என்ற சலுகையால் வந்தது.

அறுபது நிறைவது தனித்தனியாக நடக்க வேண்டிய விஷயம். எங்களுக்கு அது கூட்டாக நடந்தது. பெரும்பாலோர் பிறந்த சுபகிருது ஆண்டு, அறுபது ஆண்டு சுழற்சி முடிந்து 2022 ஏப்ரலில் திரும்பி வந்தது. அந்த ஓராண்டு முழுக்கத் திருக்கடையூருக்குப் போய் வந்துகொண்டிருந்தோம். இன்று ஒருவன் மணவறையில், நேற்று மாலை மாற்றியவன் பந்தி பரிமாறுகிறான். ஓய்வு வயது தள்ளிப்போனதால் பலருக்கு மணிவிழாவும் பணி ஓய்வும் ஒரே மாதத்தில். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டுதான் கொரோனா இரண்டாம் அலை. மாலைக்கு வரவேண்டிய இருவர் வரவில்லை.

அதற்கும் முன்னால் போனவர்களைப் பற்றி நாங்கள் காரணம் பேசுவதில்லை. எழுதிவிடுகிறேன். 1974 முதல் 1981 வரை தமிழ்நாட்டில் மதுவிலக்கு, புதுச்சேரியில் கிடையாது. கடலூரிலிருந்து வடக்கே பஸ் ஏறினால் முள்ளோடையில் எல்லை. அரும்பு மீசையோடு அந்த பஸ்ஸில் ஏறியது எங்களுக்குச் சாகசக் கதை. 1981இல் தடை நீங்கியது, 2003இல் அரசே சில்லறைக் கடை திறந்தது. சாகசம் சிலருக்கு அன்றாடம் ஆகி, ஐம்பதுக்கு முன்பே முடித்துவிட்டது. அந்தக் கதையை இன்றும் சிரித்துக்கொண்டேதான் சொல்கிறோம்.

ஆண்டுக் கணக்கு எங்கள் பேச்சில் குறைவு. கடலூர்க்காரர்கள் காலத்தைத் தண்ணீரால் எண்ணுகிறார்கள். 1972 டிசம்பர்ப் புயல் என்றால் பள்ளிக் கூரை. 2004 சுனாமி என்றால் தேவனாம்பட்டினம். அன்று காலை எங்கள் வகுப்பில் ஒருவன் பிள்ளையை ஒரு கையிலும் அம்மாவை மறு கையிலும் பிடித்தவன், ஒரு கையை விட்டுவிட்டான். எந்தக் கை என்று நாங்கள் கேட்டதில்லை. தானேவில் பண்ருட்டிப் பக்கத்து முந்திரியும் பலாவும் வேரோடு போயின. ஓய்வுக் காலத்துக்கு அதை நம்பியிருந்தவன் மறுபடி கன்று நட்டான், காய்ப்புக்கு வரும்போது அவனுக்கு அறுபது. 2015 வெள்ளம், 2024 ஃபெஞ்சல். “சுனாமிக்கு மூன்று வருஷம் முன்னால் கல்யாணம்” என்றால் எங்களுக்குள் தெளிவாகப் புரிகிறது.

இவ்வளவு நடந்தும், உட்கார்ந்தால் பேச்சு 1980க்கே போகிறது. பத்திலிருந்து முப்பது வயது வரை நடந்தவைதான் முதியவர்களின் நினைவில் மேடு தட்டி நிற்கின்றன என்று உளவியல் ஆய்வுகள் சொல்கின்றன. முதல் முறை நடப்பது ஆழமாகப் பதியும். பிறகு வருவது பழையதன் மேல் படிந்து கலங்கிவிடும். இயற்பியல் தேர்வின் முதல் கேள்வியை ஐந்து பேர் ஐந்து விதமாகச் சொல்கிறார்கள், ஐந்து பேரும் சத்தியம் செய்கிறார்கள். மகள் எந்த ஆண்டு பத்தாம் வகுப்பு எழுதினாள் என்று கேட்டால் விரல் விட்டு எண்ணுகிறார்கள்.

சென்ற பொங்கலில் ஒரு வேலை செய்தோம். ஒரு நீள நோட்டு வாங்கி, பெயர், முகவரி, இரத்த வகை, சாப்பிடும் மருந்து, அவசரத்துக்குப் பிள்ளையின் எண் என்று கோடு போட்டோம். பிள்ளையின் எண் பத்தியில் பாதிக்கு மேல் வெளிநாட்டு எண்கள். நியூ ஜெர்சியில் இருப்பவனை நடு இரவில் எழுப்பினால் அவன் என்ன செய்வான் என்று ஒருவன் கேட்டான். மில் வேலைக்குப் போனவன்தான். பதில் இல்லை. அந்தப் பத்திக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு போட்டு, ‘கால் மணி நேரத்தில் வரக்கூடியவன்’ என்று தலைப்பு எழுதினோம். அதில் ஒவ்வொருவனும் ஒரு வகுப்புத் தோழன் பெயரை எழுத வேண்டும். நோட்டு சுற்றி வந்தது. எழுதும்போது பலர் பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரியாமல் கையால் மறைத்துக்கொண்டார்கள், தேர்வு எழுதுவதைப் போல.

என் முறை வந்தது. என் வீடு தேவனாம்பட்டினம் சாலையில். யோசித்துப் பார்த்தால் கால் மணி நேரத்துக்குள் இருப்பவன் ஒருவன்தான். பத்தாம் வகுப்பில் கணக்கில் போய், அப்பாவோடு படகேறியவன். என்னிடம் முதியோர் ஓய்வூதிய விண்ணப்பம் நிரப்பிக்கொண்டவன். நாலு ஆண்டாக அவனைக் கூப்பிட வேண்டாம் என்ற கட்சியில் இருந்தவன் நான். பெயரை எழுதினேன். அவன் கைப்பேசி எண் என்னிடம் இல்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டு நோட்டை அடுத்தவனிடம் கொடுத்தேன். சாயங்காலம் சைக்கிளை எடுத்துக்கொண்டு எண் வாங்கப் போனேன்.